பாட்டும் பற்றுவரவும்: வாசகர் கேள்வி – பதில்

இசைத் துறையின் வணிகப் பக்கத்தில் வேலை தேடுகிறவர்களும், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களும் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கே: டிஜிட்டல் இசையில் ‘பிசினஸ் எக்ஸிக்யூட்டிவ்’ என்றால் நாள் முழுக்க என்ன செய்வார்? எந்தப் பாட்டு ஹிட்டாகும் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலையா?

ப: இல்லை. கலைஞரைக் கண்டுபிடிப்பது, பாட்டை உருவாக்க வைப்பது எல்லாம் ‘ஏ அண்ட் ஆர்’ பிரிவின் பொறுப்பு. நீங்கள் கேட்கும் ஆள், உருவான பாட்டு எந்தெந்த வழியில் காசாகும், அந்தக் காசு யார் யாருக்கு என்ன விகிதத்தில் போகும், எந்த நாட்டில் எத்தனை ஆண்டுக்கு என்று பேசி முடிப்பவர். பேசியபடி பணம் வந்து சேர்கிறதா என்று பார்ப்பதும் அவரே. காலையில் ஒரு ஸ்ட்ரீமிங் தளத்துடன் ஒப்பந்தப் புதுப்பிப்பு, மதியம் அடுத்த மாத வெளியீட்டு அட்டவணை, மாலையில் ‘போன காலாண்டுக் கணக்கில் எங்கள் பாட்டு 40 விடுபட்டிருக்கிறது’ என்று ஒரு சண்டை. இப்படித்தான் போகும் நாள்.

மேசையின் எந்தப் பக்கம் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்து வேலையின் நிறம் மாறும். பாட்டைப் பதிவுசெய்து வெளியிடும் லேபிளும், மெட்டு, வரிகளின் உரிமையைக் கவனிக்கும் பப்ளிஷரும் உரிமை வைத்திருப்பவர்கள்; விலையை ஏற்றப் பார்ப்பார்கள். ஸ்ட்ரீமிங் தளம் உரிமையை வாடகைக்கு எடுப்பது, இறக்கப் பார்க்கும். நடுவில் ஆயிரக்கணக்கான சிறு லேபிள்களின் பாட்டைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனம், படைப்பாளிகள் சார்பில் வசூலிக்கும் சங்கம். நல்ல எக்ஸிக்யூட்டிவ்கள் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறையாவது மேசை மாறி உட்கார்ந்தவர்கள். எதிராளிக்கு எங்கே வலிக்கும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

கே: ஒரு பாட்டுக்கு இரண்டு காப்புரிமை என்கிறார்களே, அது எப்படி?

ப: இந்தத் துறைக்குள் வருகிறவர் முதல் நாளே நெட்டுருப் போட வேண்டிய விஷயம் இது. மெட்டும் வரிகளும் ஒரு சொத்து. அதைப் ‘படைப்பு’ என்போம். பாடகர் பாடி, வாத்தியம் வாசித்து, பதிவுசெய்த ஒலி இன்னொரு சொத்து. துறையில் ‘மாஸ்டர்’ என்பார்கள். முதலாவது இசையமைப்பாளர், பாடலாசிரியர், அவர்களுடைய பப்ளிஷர் கையில் இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் லேபிள் கையில். ஒரே மெட்டை நான்கு பேர் பாடி வெளியிட்டால் படைப்பு ஒன்றுதான், மாஸ்டர் நான்கு.

ஒரு ஸ்ட்ரீம், அதாவது இணையத்தில் பாட்டு ஒரு முறை ஒலிப்பது, நடந்தால் இரண்டு சொத்துக்கும் தனித்தனியே காசு பிரியும். படைப்புப் பக்கம் போகும் பணமே மறுபடி இரண்டாகும்: நகலெடுத்ததற்கான ‘மெக்கானிக்கல்’ தொகை, பொதுவில் ஒலித்ததற்கான ‘பெர்ஃபார்மன்ஸ்’ தொகை. விளம்பரத்திலோ படத்திலோ பாட்டைக் காட்சியோடு சேர்ப்பதற்கு ‘சிங்க்’ உரிமம் வேறு. இணைய வானொலி மாதிரியான சேவைகளுக்குச் சில நாடுகளில் தனி ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்து, மாஸ்டர் உரிமையாளருக்கு 50 சதவீதம், முதன்மைக் கலைஞருக்கு 45, பின்னணிக் கலைஞர்களுக்கு 5 என்று பிரிக்கிறது.

எல்லாரும் சறுக்கும் இடம் சிங்க். லேபிளிடம் மாஸ்டர் அனுமதி வாங்கிவிட்டு ‘முடிந்தது’ என்று விளம்பரத்தை வெளியிடுவார்கள். ஒரு வாரத்தில் பப்ளிஷரின் நோட்டீஸ் வரும். அதுவும் நான்கு பேர் எழுதிய பாட்டென்றால் நான்கு பேருடைய பப்ளிஷர்களும் சம்மதிக்க வேண்டும். 5 சதவீதம் வைத்திருப்பவர் ஒருவர் ‘மாட்டேன்’ என்றாலும் காட்சி நின்றுபோகும்.

கே: வணிகவியல் பட்டம் முடித்திருக்கிறேன். இசை நிறுவனத்தில் சேர எந்த வேலையில் தொடங்குவது புத்திசாலித்தனம்? மார்க்கெட்டிங்தான் என் விருப்பம்.

ப: மார்க்கெட்டிங்குக்கு வாசலில் கூட்டம் அதிகம். ராயல்டி கணக்குக்கும் ‘கன்டென்ட் ஆபரேஷன்ஸ்’ பிரிவுக்கும் ஆள் கிடைக்காமல் தேடுகிறார்கள். வெளிச்சம் இல்லாத வேலை என்பது உண்மை. ஆனால் பணம் எங்கே பிறந்து எங்கே காணாமல்போகிறது என்பதை நிறுவனத்திலேயே முதலில் பார்ப்பவர் அந்த நாற்காலியில் இருப்பவர். எங்களைக் கேட்டால் அங்கே இரண்டு ஆண்டு, அப்புறம் எங்கே வேண்டுமானாலும்.

அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறோம். ஒரு வெளியீடு தளங்களுக்குப் போக, சுருக்கப்படாத வேவ் ஒலிக்கோப்பு, குறைந்தது 3000-க்கு 3000 பிக்சல் சதுரமான அட்டைப்படம், அப்புறம் ‘மெட்டாடேட்டா’ என்கிற விவரப்பட்டியல் வேண்டும். அட்டையில் இணைய முகவரி, விலை, தளத்தின் லோகோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 இட அடையாள எண் உண்டு: முதல் 5 இடங்கள் எண்ணை ஒதுக்குகிறவரைக் குறிக்கும் முன்குறி, அடுத்த 2 ஆண்டு, கடைசி 5 வரிசை எண். அந்த ஆண்டு எண் ஒதுக்கிய ஆண்டுதான், பாட்டுப் பாடிய ஆண்டு அல்ல. புதியவர்கள் இதைக் குழப்பிக்கொள்வார்கள். ஆல்பம் முழுமைக்கும் 12 அல்லது 13 இலக்க பார்கோடு எண். மெட்டுக்கும் வரிக்கும் ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்ற தனி எண்: ‘டி’ என்ற எழுத்தும் 10 இலக்கமும். இவை எல்லாம் டி.டி.இ.எக்ஸ். என்ற பொதுத் தகவல் வடிவத்தில் தளங்களுக்குப் போகின்றன. விற்பனைக் கணக்கும் அதே அமைப்பின் இன்னொரு வடிவத்தில் திரும்பி வரும்.

எங்கே கெடும்? விநியோக நிறுவனத்தை மாற்றும்போது பழைய பாட்டுக்குப் புது ஐ.எஸ்.ஆர்.சி. போட்டுவிடுவார்கள். தளம் அதைப் புதுப் பாட்டாக நினைக்கும். கோடிக்கணக்கில் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், பிளேலிஸ்ட் இடங்கள் போய்விடும். சரியான முறை: அதே எண், அதே ஒலிக்கோப்பு, எழுத்துக்கெழுத்து அதே விவரம் கொடுத்துப் புது வழியில் ஏற்ற வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் தளத்தில் தெரிகின்றன என்று உறுதிசெய்துகொண்டு, அதற்குப் பிறகு பழையதைத் தளத்திலிருந்து இறக்க வேண்டும். ரீமிக்ஸ், குறுக்கிய வடிவம், மறுபதிவு என்றால் நேர்மாறு. கட்டாயம் புது எண் வேண்டும். சோம்பல்பட்டுப் பழைய எண்ணையே போட்டால் இரண்டு பதிவின் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிடும்.

இன்னொன்று, பங்கு விகிதம். மூன்று பேர் சேர்ந்து எழுதிய பாட்டில் ஆளுக்கு ஆள் தனித்தனியே பதிவுசெய்து மொத்தம் 110 சதவீதம் ஆகிவிடும். வசூல் சங்கம் உடனே பணத்தை நிறுத்திவைக்கும். ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன்பே, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதும் ‘ஸ்பிளிட் ஷீட்’டில் கையெழுத்து வாங்குங்கள் என்று அனுபவஸ்தர்கள் நச்சரிப்பது இதனால்தான். பாட்டு ஓடிய பிறகு யாரும் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இந்தக் குளறுபடிகளின் மொத்த அளவு தெரிய ஒரு கணக்கு. அமெரிக்காவில் 2018-இல் வந்த சட்டத்தின்படி மெக்கானிக்கல் தொகையை வசூலிக்க எம்.எல்.சி. என்ற அமைப்பு உருவானது. யாருக்கு உரியது என்று பொருத்த முடியாமல் தேங்கிக்கிடந்த பணம் என்று 2021 தொடக்கத்தில் 20 தளங்கள் அதனிடம் ஒப்படைத்த தொகை 42 கோடி டாலருக்கும் மேல். விவரப்பட்டியலில் பெயரும் எண்ணும் விடுபட்டதற்கான விலை அது.

கே: ஒரு ஸ்ட்ரீமுக்கு இன்ன தளம் இவ்வளவு தரும் என்று பட்டியல்கள் சுற்றுகின்றன. நம்பலாமா?

ப: சராசரியாக எடுத்துக்கொள்ளலாம், விலைப்பட்டியலாக அல்ல. சந்தா தளங்களில் ஸ்ட்ரீமுக்கு நிலையான விலை கிடையாது. பானையில் சேர்ந்த பணத்தைப் பங்கு போடுகிறார்கள், அவ்வளவுதான்.

கற்பனைக் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு நாட்டில் ஒரு தளத்தின் மாத நிகர வருமானம் 10 லட்சம் டாலர். மாஸ்டர் பக்கத்துக்கு 52 சதவீதம் என்றால் பானையில் 5,20,000. அந்த மாதம் நடந்த மொத்த ஸ்ட்ரீம் 20 கோடி. உங்கள் லேபிளுடையது 10 லட்சம், அதாவது 0.5 சதவீதம். உங்களுக்கு 2,600 டாலர். அடுத்த மாதம் வருமானம் அதேதான், உங்கள் ஸ்ட்ரீமும் அதே 10 லட்சம்தான். ஆனால் விடுமுறை என்பதால் மக்கள் கூடுதலாகக் கேட்டு மொத்தம் 25 கோடி ஆகிவிட்டது. உங்கள் பங்கு 0.4 சதவீதம், கையில் 2,080. ஒரு ஸ்ட்ரீம்கூடக் குறையவில்லை, வரவு மட்டும் 20 சதவீதம் சரிந்துவிட்டது. இதைக் கலைஞருக்கு விளக்கத் தெரியாத லேபிள் மேலாளர் ஆண்டுக்கு நான்கு முறை ‘ஏமாற்றுக்காரர்’ பட்டம் வாங்குவார்.

இலவசக் கணக்குக்கும் சந்தாக் கணக்குக்கும் தனித்தனிப் பானை, நாட்டுக்கு நாடு வேறு பானை. இந்த முறையை மாற்றும் முயற்சிகளும் நடக்கின்றன. சவுண்ட்கிளவுட் தளம் 2021-இல், ஒருவர் கட்டிய சந்தா அவர் கேட்ட கலைஞருக்கே போகும் ஏற்பாட்டைச் சுயாதீனக் கலைஞர்களுக்குக் கொண்டுவந்தது. டீசர் தளம் 2023-இல் யுனிவர்சல் லேபிளுடன் சேர்ந்து, தொழில்முறைக் கலைஞர்களின் ஸ்ட்ரீமுக்குக் கூடுதல் எடை தரும் கலைஞர் மையப் பங்கீட்டை அறிவித்தது. ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் எட்டாத பதிவுக்குப் பங்கு ஒதுக்குவதில்லை. பல்லாயிரம் சிறு பதிவுகளை வைத்திருக்கும் விநியோக நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போகிறீர்கள் என்றால் இந்தக் கடைசி விதியைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள்.

கே: புதிய ஸ்ட்ரீமிங் நிறுவனத்தில் உரிமம் வாங்கும் பொறுப்பு எனக்கு. பெரிய லேபிள் ஒன்று ‘மினிமம் கியாரண்டி’, அதாவது வருமானம் எப்படியிருந்தாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை, கேட்கிறது. ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

ப: விகிதத்தைப் பற்றி மட்டும் மல்லுக்கட்டி, மற்றதைக் கோட்டைவிடுவது புதியவர்களின் வழக்கம். 52-ஐ 50 ஆக்கிவிட்டோம் என்று மகிழ்ந்திருப்பார்கள். நிறுவனத்தைச் சாய்ப்பது வேறு வரியாக இருக்கும்.

லேபிள் ஒப்பந்தத்தில் கட்டணம் பெரும்பாலும் ‘எது அதிகமோ அது’ என்று எழுதப்பட்டிருக்கும். வருமானத்தில் பங்கு ஒரு பக்கம், சந்தாதாரர் ஒருவருக்குக் குறைந்தபட்சத் தொகை இன்னொரு பக்கம். உங்களிடம் 50,000 சந்தாதாரர், ஆளுக்கு மாதம் 10 டாலர் என்று வையுங்கள். நிகர வருமானம் 5 லட்சம். மாஸ்டர் பக்கம் 52 சதவீதம், 2,60,000. மொத்தக் கேட்பில் இந்த லேபிளின் பாட்டுகளுக்கு 30 சதவீதம் என்றால் 78,000. தலைக்குக் குறைந்தபட்சம் 5.50 டாலர் என்று எழுதியிருந்தால் மொத்தம் 2,75,000. அதில் 30 சதவீதம் 82,500. ஆக 82,500 கட்ட வேண்டும். 4,500 டாலர் வித்தியாசம், பரவாயில்லை என்று தோன்றும்.

இப்போது உங்கள் மார்க்கெட்டிங் பிரிவு மாணவர்களுக்குப் பாதி விலை என்று அறிவித்து, சந்தாதாரர்களில் பாதிப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள். வருமானம் 3,75,000-ஆக இறங்கிவிட்டது. பங்கு முறைப்படி லேபிளுக்கு 58,500தான் சேர வேண்டும். ஆனால் தலைக்கணக்கு அசையாது: அதே 82,500. எல்லா லேபிளும் இதே விதி வைத்திருந்தால் மாஸ்டர் பக்கத்துக்கு மட்டும் வருமானத்தில் 73 சதவீதம் போய்விடும். அதற்கு மேல் பப்ளிஷர் பங்கு, ஆப் ஸ்டோர் கமிஷன், சர்வர், சம்பளம். தள்ளுபடி கொடுத்து ஆள் சேர்க்கச் சேர்க்க நஷ்டம் பெருகும் விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது. ஆகவே மாணவர், குடும்பம், ஆண்டுச் சந்தா, தொலைத்தொடர்பு நிறுவனத்துடன் சேர்த்து விற்பது என்று ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிக் குறைந்தபட்சம் கேட்டு வாங்குங்கள். இலவசச் சோதனை மாதத்துக்குக் குறைந்தபட்சம் இல்லை என்று எழுத்தில் இருக்க வேண்டும். ஒரே ஆள் ஆண்டுக்கு எத்தனை முறை சோதனை எடுக்கலாம் என்பதற்கு லேபிள் வரம்பு கேட்கும், அது நியாயம்தான்.

அடுத்தது நீங்கள் கேட்ட கியாரண்டி. ஆண்டுக்கு 12 லட்சம், காலாண்டுக்கு 3 லட்சம் முன்பணம் என்கிறார்கள் என்று வையுங்கள். மேலே சொன்ன 82,500 வீதம் 12 மாதத்துக்கு ஆவது 9,90,000. மீதி 2,10,000 திரும்பி வராது. லேபிள்காரர்கள் அதை ‘பிரேக்கேஜ்’ என்பார்கள். அடுத்த ஆண்டுக்கு அதை நகர்த்தும் உரிமை கேளுங்கள். முழுதாகத் தர மாட்டார்கள், பாதியாவது கிடைக்கலாம். கியாரண்டித் தொகையைச் சந்தாதாரர் எண்ணிக்கைப் படிகளோடு கட்டுவது இன்னும் நல்லது: 50,000 பேர் வரை இவ்வளவு, லட்சத்தைத் தாண்டினால் இவ்வளவு. முதலீட்டாளருக்குக் காட்டிய கனவு எண்ணிக்கையை லேபிளிடம் காட்டாதீர்கள். அதை வைத்தே கியாரண்டியைக் கணக்கிடுவார்கள்.

பிறகு எம்.எஃப்.என். விதி. ‘வேறு யாருக்கு மேலான நிபந்தனை கொடுத்தாலும் எனக்கும் அது’ என்பது அதன் சாரம். ஒரு லேபிளுக்குக் கொடுத்தால் மூன்று பெரிய லேபிள்களுக்கும் கொடுக்க வேண்டிவரும், கடைசியாகக் கையெழுத்திட்டவரின் நிபந்தனை முதலாமவருக்கும் பாயும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், விகிதத்துக்கு மட்டும், ஒத்த சந்தைப் பங்கு உள்ளவர்களோடு மட்டும் என்று சுருக்குங்கள். முன்பணத்துக்கு அது நீளக் கூடாது.

கணக்குத் தணிக்கை, ஒப்பந்தக் காலம் இரண்டிலும் பெரிய சண்டை தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு தணிக்கை, பின்னோக்கி 2 அல்லது 3 ஆண்டு, பிழை 5 அல்லது 10 சதவீதத்தைத் தாண்டினால் தணிக்கைச் செலவு உங்களுடையது என்பது வழக்கம். ஒப்பந்தக் காலம் பெரும்பாலும் 2, 3 ஆண்டு. எல்லா லேபிளின் ஒப்பந்தமும் ஒரே மாதத்தில் முடியாதபடி தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே டிசம்பரில் மூன்று புதுப்பிப்பு வந்தால், ஒருவர் பாட்டு முழுவதையும் இறக்கிவிடுவேன் என்று மிரட்டும்போது உங்களுக்கு நிற்க இடம் இருக்காது.

கே: இதெல்லாம் கணக்கும் சட்டமுமாக இருக்கிறதே, இசை அறிவு வேண்டாமா?

ப: ராகம் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பாட்டு எப்படி உருவாகிறது, யார் யார் கை அதில் படுகிறது என்று தெரியாதவர் கிரெடிட்டைத் தப்பாகப் போடுவார், வேறொரு பதிவிலிருந்து துண்டு (‘சாம்பிள்’) எடுத்திருப்பதைக் காதால் கேட்டும் கவனிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிடுவார். கேட்கிற காது போதும். சொந்த ரசனையைக் கூட்டத்துக்குக் கொண்டுவராமல் இருக்கும் அடக்கமும் வேண்டும். இரண்டாவது கொஞ்சம் கஷ்டம்.

கே: மேல்மட்டத்துக்கு வந்தவர்கள் எந்தப் படிப்பில், எந்த வழியில் வந்தார்கள்? வக்கீலாக இருந்தால் நல்லதா, எம்.பி.ஏ. நல்லதா?

ப: ஒரே பாதை என்று ஒன்று இல்லை. ஜிம்மி அயோவீன் ஒலிப்பதிவுப் பொறியாளராகத் தொடங்கியவர். 1990-இல் இன்டர்ஸ்கோப் லேபிளை இணைந்து நிறுவினார், பின்னர் ராப் கலைஞர் டாக்டர் டிரேயுடன் பீட்ஸ் என்ற ஹெட்ஃபோன் நிறுவனம். அந்த நிறுவனத்தை 2014-இல் ஆப்பிள் 300 கோடி டாலருக்கு வாங்கியது. லியோர் கோஹன் ராப் குழுக்களின் சுற்றுப்பயண மேலாளராக இருந்து டெஃப் ஜாம், வார்னர் என்று லேபிள்களில் உயர்ந்து, 2016-இல் யூடியூபின் இசைத் தலைவரானார். ராபர்ட் கின்சில் எதிர்த்திசையில் வந்தவர்: நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் என்று தளங்களின் பக்கமே இருந்துவிட்டு 2023-இல் வார்னர் மியூசிக்கின் தலைமை நிர்வாகியானார். இசைத் தொழிலைத் தொழில்நுட்பத்துக்கு விளக்கத் தெரிந்தவருக்கும், தொழில்நுட்பத்தை இசைத் தொழிலுக்கு விளக்கத் தெரிந்தவருக்கும் எப்போதும் கிராக்கி உண்டு.

வக்கீல் படிப்பு ஒப்பந்தப் பிரிவில் நேராக நுழைய உதவும். பல நிறுவனங்களில் அந்தப் பிரிவின் தலைவரே அடுத்து நிறுவனத் தலைவராவது உண்டு. எம்.பி.ஏ.வைவிட, ராயல்டி அறிக்கை ஒன்றைத் திறந்து இரண்டு மணி நேரத்தில் ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரை எடுப்போம் என்றுதான் பலரும் சொல்வார்கள். நேர்காணலில் அப்படி ஒரு தாளைக் கையில் கொடுத்தால் முதலில் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். நாடுகளின் பட்டியலைப் பாருங்கள்: எந்த நாடு விடுபட்டிருக்கிறது? பிறகு ஐ.எஸ்.ஆர்.சி. இல்லாத வரிகள். பிறகு நாணய மாற்று எந்தத் தேதியின் விகிதம். ஓட்டை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் அகப்படும்.

கே: நான் ஒரு பாடகரின் மேலாளர். மாதம் ஒரு லட்சம் ஸ்ட்ரீம் ‘உத்தரவாதம்’ என்று சொல்லி ஒரு நிறுவனம் பணம் கேட்கிறது. எடுக்கலாமா?

ப: வேண்டாம். கேட்பு எண்ணிக்கைக்கு உத்தரவாதம் தர முடிகிறவரிடம் இருப்பது போலிக் கணக்குகள்தாம். ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஒலித்தால் ஒரு ஸ்ட்ரீம். அதனால் 31-ஆம் வினாடியில் அடுத்த பாட்டுக்குத் தாவும் ஆயிரம் கணக்குகள், ஒரே நகரத்திலிருந்து, சேமிப்போ பின்தொடர்தலோ இல்லாமல், இரவு பகலாக. இந்த ஒரே மாதிரியான போக்கைத் தளங்களின் கண்டறியும் நிரல் எளிதில் பிடிக்கிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபை இத்தகைய பதிவுகளுக்காக லேபிள், விநியோக நிறுவனங்களிடம் தண்டம் வசூலிக்கிறது. அவர்கள் அதை உங்கள் கணக்கில் கழிப்பார்கள், பாட்டையே இறக்கவும் செய்வார்கள். தளத்தின் பரிந்துரை நிரலும் அந்தப் போலிக் கணக்குகளின் ‘ரசனை’யைப் பார்த்து உங்கள் பாட்டைத் தப்பான ஆட்களிடம் கொண்டுபோகும், இந்தச் சேதம் சரியாக மாதக்கணக்கில் ஆகும்.

அந்தப் பணத்தை வெளியீட்டு அட்டவணையை ஒழுங்காக வைக்கச் செலவிடுங்கள். கோப்புகளை விநியோக நிறுவனத்திடம் 4 வாரம் முன்பே கொடுங்கள். தளத்தின் பிளேலிஸ்ட் ஆசிரியர் குழுவுக்கான விண்ணப்பம் குறைந்தது 7 நாள் முன்பாவது போக வேண்டும்; அப்போதுதான் பின்தொடர்பவர்களின் புதுவெளியீட்டுப் பட்டியலில் பாட்டு விழும். 2015 ஜூலை முதல் உலக வெளியீட்டு நாள் வெள்ளிக்கிழமை. புதன் இரவு கோப்பு அனுப்பிவிட்டு வெள்ளி காலை பிளேலிஸ்ட் எங்கே என்று கேட்பவர்கள் இன்னும் குறையவில்லை.

கே: ஒரு இசைச் செயலி நிறுவனத்தில் துணைத் தலைவர் பதவி. சம்பளம் குறைவு, பங்குகள் தருகிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

ப: எத்தனை பங்கு என்ற எண்ணில் மயங்காதீர்கள், மொத்தப் பங்கில் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பங்கு முழுதும் படிப்படியாக உங்களுடையதாகப் பொதுவான ஏற்பாடு 4 ஆண்டு. முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது. தருவது பெரும்பாலும் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமைதான்; விலகிய பிறகு அந்த விலை கொடுத்து எடுத்துக்கொள்ளப் பல இடங்களில் 90 நாள்தான் அவகாசம், கையில் அத்தனை பணம் இருக்காது. ஆகவே அந்தக் கெடுவை நீட்டித் தரும்படி வேலையில் சேரும் முன்பே பேசுங்கள். நிறுவனம் விற்கப்பட்டால் முதலீட்டாளருக்கு முன்னுரிமைத் தொகை போன பிறகுதான் உங்கள் முறை.

இசை நிறுவனத்துக்கே உரிய கேள்விகள் மூன்று. இன்னும் கட்ட வேண்டிய கியாரண்டி மொத்தம் எவ்வளவு, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு அதைத் தாங்கும்? லேபிள் ஒப்பந்தங்கள் எப்போது முடிகின்றன? நிறுவனம் கைமாறினால் உரிமங்கள் கூடவே போகுமா, லேபிள் ரத்துசெய்யலாமா? மூன்றாவதற்கு ‘ரத்துசெய்யலாம்’ என்பது பதிலானால், வாங்க வருகிறவர் ஒரு செயலியின் நிரலை மட்டும்தான் வாங்குகிறார் என்று பொருள். உங்கள் பங்கின் விலையை அதற்கேற்ப மதிப்பிடுங்கள்.

கே: ரிங்டோன், காலர்டியூன் காலத்திலிருந்து இந்தத் துறையில் இருக்கிறேன். பிரிவு மூடப்பட்டுவிட்டது. வயது 47. ஆலோசகராகத் தொழில் செய்ய முடியுமா?

ப: முடியும். இந்தத் துறையே பிரிவுகளை மூடி மூடி வளர்ந்ததுதான். பாட்டுக் கோப்புகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் 1999-இல் வந்து குறுந்தகட்டை ஆட்டிவைத்தது. ஆப்பிளின் ஐடியூன்ஸ் இணையக் கடை 2003 ஏப்ரலில் பாட்டை 99 சென்ட்டுக்குத் தனித்தனியே விற்றது. ஸ்பாட்டிஃபை 2008-இல் ஐரோப்பாவில் தொடங்கிப் பதிவிறக்கத்தையே பழைய கதையாக்கியது. பதிவிசை நிறுவனங்களின் உலக அமைப்பான ஐ.எஃப்.பி.ஐ.யின் அறிக்கைப்படி 2024-இல் பதிவிசையின் உலக வருமானம் 2,960 கோடி டாலர், அதில் 69 சதவீதம் ஸ்ட்ரீமிங். வடிவம் மாறினாலும் உங்கள் பழைய வேலை அப்படியே இருக்கிறது: தொலைத்தொடர்பு நிறுவனத்துடன் வருமானப் பங்கு பேசத் தெரிந்தவர் இன்று சந்தாவை மொபைல் திட்டத்தோடு சேர்த்து விற்கும் ஒப்பந்தத்துக்குத் தேவைப்படுகிறார். ‘ரிங்டோன் மேலாளர்’ என்று அறிமுகம் செய்துகொள்ளாமல், எத்தனை நாட்டில் எத்தனை உரிமையாளருடன் என்ன வகை ஒப்பந்தம் முடித்தீர்கள் என்று எழுதுங்கள்.

கட்டணத்தை இரண்டாகப் பிரியுங்கள். மாதாமாதம் நிலையான தொகை ஒன்று, 3 முதல் 6 மாதத்துக்கு. வேலை எத்தனை நாள், எந்த லேபிள்களோடு பேசுவீர்கள் என்பது எழுத்தில். நீங்கள் பேசும் லேபிளுடன் ஒப்பந்தம் கைகூடினால் தனி வெற்றித் தொகை. அதை ‘கையெழுத்தானதும்’ என்று எழுதுங்கள், ‘சேவை தொடங்கியதும்’ என்று எழுதினால் தொழில்நுட்பப் பிரிவின் தாமதம் உங்கள் தலையில் விழும். பழைய நிறுவனத்தின் ஒப்பந்த விகிதங்கள் உங்கள் நினைவில் இருந்தாலும் அவை ரகசியக் காப்பு விதிக்குள் அடங்கியவை. வாடிக்கையாளரிடம் ஜாடையாகக்கூடச் சொல்லக் கூடாது.

எல்லாவற்றையும்விட ‘டெயில்’ விதியை மறக்காதீர்கள். நீங்கள் அறிமுகம் செய்து, ஐந்து மாதம் பேசி, முக்கால் தூரம் கொண்டுவந்த பிறகு, ‘நன்றி, இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்று வெட்டிவிட்டு அடுத்த மாதம் கையெழுத்திடுவது நடக்கும். உங்கள் ஆலோசனை ஒப்பந்தம் முடிந்து 12 மாதத்துக்குள், இணைப்பில் பெயர் குறித்த நிறுவனங்களுடன் எது கையெழுத்தானாலும் வெற்றித் தொகை உண்டு என்று எழுதி வாங்குங்கள். அந்த இணைப்புப் பட்டியலை மாதம் ஒரு முறை புதுப்பித்து, மின்னஞ்சலில் அனுப்பி, ‘பெற்றுக்கொண்டோம்’ என்று ஒரு வரிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.